இரண்டரை அங்குலம்

மார்ச் 3

தம்பிக்கு,

உங்கள் முகவரியைத் தேடிப் பிடிக்க மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். தொலைபேசியில் பேசினால் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். காரியத்தை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த சிவப்புக் காரை மிளகு திறந்துவிட்டாள். மே பதினெட்டாம் தேதி மலைப்பாதைப் பந்தயத்தில் அதே காரை ஓட்டப் போகிறாளாம். அதே பாதை, அதே ஏழாவது வளைவு. கணுக்காலில் இரண்டு தகடும் ஐந்து திருகும் வைத்துத் தைத்த மருத்துவரே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வயது இருபத்தாறு. என் மகள்தான் என்றாலும் என்னைக் கேட்டுச் செய்கிற வயது இல்லை.

எஞ்சினைப் பிரித்து மாட்டிவிட்டாள். டர்போவைப் பழுது பார்த்து வாங்கியாயிற்று. பாக்கி இருப்பது குழாய்கள். டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்றை இன்டர்கூலருக்குக் கொண்டுபோய், அங்கே ஆறிய காற்றை எஞ்சினுக்குக் கொண்டுவரும் குழாய்கள். முப்பது வருடம் உங்கள் இருவருக்கும் ஷெட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்ததில் இவ்வளவாவது எனக்குத் தெரியும். பழைய குழாய்களில் ஒன்றைக் காணவில்லை. மற்றவை நசுங்கியவை.

உதிரிபாகக் கடைக்காரர், "மூணு இஞ்ச் போடுங்க மேடம், பெருசா போட்டா பெருசா இழுக்கும்" என்கிறார். எஞ்சின் என்ன, டர்போ என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளை அளக்காமல் அளவு சொல்லும் தையல்காரரிடம் நான் துணி கொடுப்பதில்லை. மிளகும் மூன்றுதான் வேண்டும் என்கிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன் உங்கள் அண்ணன் இரண்டரை என்றார், நீங்கள் மூன்று என்றீர்கள், மூன்றுதான் போடப்பட்டது. என்ன நடந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டாம். எனக்கு வேண்டியது ஓர் எண், அதற்கு ஒரு காரணம்.

இப்படிக்கு,
அண்ணி

மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர், "என்னய்யா, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல. எங்க அண்ணி" என்றேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன். பேருந்துப் பணிமனையில் ரேடியேட்டர் பிரிவு. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வெளியே. ஒரு நாளைக்கு நான்கு ரேடியேட்டர். எல்லாம் ஒரே ரேடியேட்டர். ஒன்றைக்கூட யாரும் பந்தயத்துக்கு எடுத்துப் போகப் போவதில்லை. முட்டி வலிக்கிறது. விசில் அடிப்பதையும் விட்டுவிட்டேன், முன்பல் ஒன்று போய்விட்டது. காற்றுதான் வருகிறது. அண்ணன் வைத்த 'விசில்' என்ற பட்டப்பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

பழைய கதை வேண்டாம் என்றீர்கள். சரி. இது பழைய கதை இல்லை, எட்டு மாதக் கதை. அண்ணன் போன அன்று பதினோரு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். நீங்கள் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. எழுதிவிட்டேன்.

இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறீர்கள். அந்த வீட்டில் "செருப்ப வெளியில விட்டுட்டு வா" என்று சொல்லி வளர்த்த ஆள் நீங்கள்.

பைப் அளவு நான் சொல்ல மாட்டேன். மூன்று என்று சொன்னதற்குத்தான் மூன்று வருடமாக வெளியே நிற்கிறேன். இன்னொரு எண்ணைச் சொல்லி இன்னும் எத்தனை வருடம் நிற்பது?

இதை எழுதி மடித்து வைத்தேன். மறுபடி பிரித்துவிட்டேன். மிளகு ஓட்டப் போகிறாள் என்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். டர்போவின் வாய் எவ்வளவு? இன்டர்கூலரின் இரண்டு வாயும் எவ்வளவு? எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் வாய் எவ்வளவு? டர்போவிலிருந்து இன்டர்கூலர் எத்தனை தூரம், அங்கிருந்து எஞ்சின் எத்தனை தூரம், வழியில் எத்தனை வளைவு? டேப்பால் அளக்காதீர்கள். அண்ணனின் வெர்னியர் இருக்கும்.

நான் அளவு சொல்வதாக இதற்கு அர்த்தம் இல்லை.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

வெர்னியர் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த சிஸ்டர், ஒரு முறை அளப்பது ஊகம், இரண்டு முறை அளப்பது சந்தேகம், மூன்று முறை அளந்தால்தான் அளவு என்பார்.

டர்போவின் வாய் 51 மில்லிமீட்டர். இன்டர்கூலரின் உள்வாய் 51, வெளிவாய் 63.5. த்ராட்டில் வாய் 64. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை ஒன்றேகால் மீட்டர், மூன்று வளைவு. அங்கிருந்து எஞ்சின் ஒன்றேமுக்கால் மீட்டர், நான்கு வளைவு. கயிற்றை வளைத்து வளைத்து அளந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அது உங்கள் தவறல்ல.

என் யோசனையையும் எழுதுகிறேன், தவறென்றால் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் மணி அடித்ததும் நானூறு பெண்கள் ஒரே தாழ்வாரத்தின் வழியாக ஜெபக்கூடத்துக்குப் போவோம். தாழ்வாரம் மிகக் குறுகலாக இருந்தால் இடிபாடு. சரி. ஆனால் கடைசியில் கதவு ஒன்றுதான். தாழ்வாரத்தை மைதானம் போல அகலமாக்கினாலும் உள்ளே போகிறவர்கள் அந்தக் கதவின் அளவுக்குத்தான் போவார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தில் நின்று அரட்டை அடிப்பார்கள். உண்மையில் எங்களைத் தாமதப்படுத்தியது அகலம் அல்ல, மூலைகள். த்ராட்டில் 64 என்றால் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் குழாய் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கேட்டைப் பற்றி. அது பூட்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள்தான் போட்டிருந்தது, வெளியிலிருந்தும் திறக்கலாம். அதைப் பொருத்தியது நீங்கள்.

இனி எழுத நினைக்காத ஒன்று. நான் உங்களுக்கு எழுதுவது மிளகுக்குத் தெரிந்துவிட்டது. வெர்னியரோடு என்னைப் பார்த்துவிட்டாள்.

"சித்தப்பாவுக்கா எழுதற?"

"அளவு கேட்டிருக்கேன்."

"அவர்கிட்டயா? அப்பா கேட்டா எழுந்து வந்துடுவாரு."

"உங்க அப்பா ரெண்டு வருஷம் ஒரே பாட்டுப் பாடினார். ரெண்டரை போட்டிருந்தா, ரெண்டரை போட்டிருந்தான்னு. அவன் பெருசு போட்டுத்தான் உன்னைக் கவுத்தான்னு. அது உண்மையான்னு எனக்குத் தெரியணும்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் அழுக்கே இல்லை.

"உண்மை இல்லம்மா. பைப்பெல்லாம் சும்மா. ஏழாவது வளைவுல நான் பயந்துட்டேன். பயந்து ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டேன். பாதி வளைவுல கால எடுத்தா வண்டி சுத்தும், சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். என்னைச் சொல்ல மனசு வராம சித்தப்பா தலைல போட்டாரு. அதான் மறுபடியும் போறேன். அந்த வளைவுல கால எடுக்காம ஒரு தடவ போயிடணும்."

மூன்று வருடமாக அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

அந்த வளைவில் அவள் காலை எடுக்கப் போவதில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. குழாய் கழன்றாலும் எடுக்க மாட்டாள். அதனால்தான் கேட்கிறேன். எண்ணைச் சொல்லுங்கள்.

அண்ணி

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் மிளகிடம் சொல்லுங்கள், அவள் காலை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஆறாவது வளைவு மேட்டில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டிப் போனாள், அழகாகப் போனாள். ஏழுக்குள் நுழைகிற இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். டயர் வெடிக்கிற மாதிரி, ஆனால் ஈரமான சத்தம். பைப்புகளை இணைக்கிற ரப்பர் ஹோஸ் கழன்றால் அதுதான் சத்தம். அதற்குப் பிறகு எஞ்சினுக்குக் காற்று இல்லை. மிதித்துக்கொண்டே இருந்தாலும் காலை எடுத்த மாதிரிதான் வண்டி நடந்துகொள்ளும். தன் கால் என்று அவள் நினைத்தது அந்த ஹோஸை.

இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என்னை விடவில்லை. அப்புறம் நான் போகவில்லை.

அளவு. உங்கள் தாழ்வாரக் கணக்கு சரி. அண்ணன்கூட எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை, கத்தத்தான் செய்தார். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை இரண்டு அங்குலம். இரண்டு பக்கமும் 51 இருக்கும்போது நடுவில் பெருக்கிச் சுருக்கினால் காற்று தடுக்கி விழும். இன்டர்கூலரிலிருந்து எஞ்சின் வரை இரண்டரை. இந்த ரெண்டு லிட்டர் எஞ்சினுக்கு அது தாராளம், மூச்சு முட்டாது. மூன்று போட்டால் உங்கள் மூன்று மீட்டருக்கு நான்கு லிட்டருக்கு மேல் கூடுதல் காற்றை, ஒவ்வொரு வளைவு முடிந்து மிதிக்கும்போதும் முதலில் நிரப்ப வேண்டும். கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் அந்தப் பாதையில் பதினெட்டு வளைவு இருக்கிறது. பைப்பைப் பெருக்குவதைவிட வளைவைக் குறைத்தால் லாபம். இன்டர்கூலரிலிருந்து வரும் மூன்றாவது வளைவை பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்தினால் நேராக்கிவிடலாம்.

ஆக, அண்ணன் சொன்னதுதான் சரி. இரண்டரை. அன்றைக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிக் கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். டர்போ பெரிதென்றால் பைப்பும் பெரிது என்று ஒரு திமிர்.

பைப் செய்கிறவரிடம் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு நுனியிலும் சுற்றிலும் உதடு எடுக்க வேண்டும். மேடு மாதிரி ஒரு விளிம்பு. ஹோஸ் அதைத் தாண்டி உட்கார்ந்து, கிளிப் அதற்கு இந்தப் பக்கம் இறுக வேண்டும். உதடு இருந்தால் ஹோஸ் வழுக்காது. மாட்டும்போது பைப்பும் ஹோஸின் உள்பக்கமும் காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, பாலிஷ் எதுவும் படக் கூடாது. கஷ்டப்பட்டுத்தான் ஏற வேண்டும். சுலபமாக ஏறினால் சுலபமாக இறங்கும்.

தாழ்ப்பாள் விஷயம். வெளியிலிருந்து திறக்கலாம் என்று எனக்குத் தெரியும்தான். திறக்கலாமா என்றுதான் தெரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அளவுகளுக்கு நன்றி. இரண்டும் இரண்டரையும் என்று சொல்லியாகிவிட்டது. கடைக்காரருக்கு முகம் சுருங்கிற்று.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எண்ணெய் படக் கூடாது என்று எந்த மெக்கானிக்கும் எழுதுவார். சோப்பு என்றும் எழுதலாம், ரப்பரை ஏற்றச் சோப்புத் தண்ணீர் தடவுகிறவர்கள் உண்டு. பாலிஷ் என்று யார் எழுதுவார்கள்? கார் ஷெட்டில் பாலிஷ் எங்கிருந்து வரும்?

வீட்டுக்குள்ளிருந்து வரும். அதை எடுத்துவரக் கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

பந்தயத்தன்று காலை நீங்களும் அவரும் டயருக்குக் காற்று பிடிக்கப் போயிருந்தீர்கள். மிளகு குளித்துக்கொண்டிருந்தாள். ஷெட் மேசையில் ஆறு குழாய்களும் எட்டு ஹோஸ்களும் அறுத்த தூசியோடு அப்படியே கிடந்தன. பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருவதாக இருந்தது. அந்தத் தூசியோடு என் வீட்டுப் பொருள் படத்தில் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் போடும் பாலிஷ் டப்பாவைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் துடைத்தேன். குழாயின் வெளியே. ஹோஸின் உள்ளேயும், ஒரு துணியைக் குச்சியில் சுற்றி. கையை நுழைத்தால் உள்ளே மாவு போலத் தூசி இருந்தது. எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். நீங்கள் திரும்பி வந்து, "அண்ணி கை பட்டா தகரமும் வெள்ளியாயிடும்" என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதை நான் மறக்கவில்லை. குற்றமாக ஒரு நாளும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். துடைப்பது எப்படிக் குற்றமாகும்?

உங்கள் அண்ணன் கட்டிலில் கிடந்த மாதங்களில் தினமும் உங்களைத் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாட்களில் நானும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். ஜன்னலில் நின்றபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை? என் மேல் இரக்கப்பட்டு என்று எழுதாதீர்கள். இரக்கம் எனக்கு வேண்டாம். என்ன நடந்ததோ அதை அளவு குறையாமல் எழுதுங்கள்.

மிளகிடம் 'டப்' சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. "எனக்காக அவரும் சொல்றாரு" என்கிறாள். முழுவதையும் சொன்னால்தான் நம்புவாள். முழுவது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது.

அண்ணி

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு நாள் லீவு போட்டு இதை எழுதுகிறேன். எழுத அரை மணி நேரம்தான் ஆகும். மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே தெரியும். எல்லோரும் மிளகைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது நான் வண்டியின் முன்னால் குனிந்தேன். கழன்ற ஹோஸைக் கையில் எடுத்தேன். எலுமிச்சை வாசனை. உங்கள் சாப்பாட்டு மேசை வாசனை. எத்தனை வருடம் அந்த மேசையில் முழங்கையை ஊன்றிச் சாப்பிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

உங்களைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது உண்மை இல்லை.

பைப்பில் உதடு கிடையாது, அண்ணி.

உதடு எடுக்க அண்ணன் கையால் ஒரு கருவி செய்து வைத்திருந்தார் இல்லையா, பைப்புக்குள் விட்டுத் திருகினால் விரிந்து உள்ளேயிருந்து நெம்புகிற சாமான். அது இரண்டரை வரைக்கும்தான் விரியும். மூன்று அங்குலப் பைப்பில் சும்மா சுற்றியது. முந்தின நாள் சாயங்காலம்தான் அது எனக்குத் தெரிந்தது. அண்ணனிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டு கடைந்து போட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் ஒரு வாரமாக மூன்றுதான் மூன்றுதான் என்று சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, உன் கருவிக்கு என் பைப் பொருந்தவில்லை என்று எப்படிப் போய் நிற்பது? "லிப் எடுத்தாச்சாடா விசிலு?" என்று கேட்டார். "எடுத்தாச்சு" என்றேன். ஹோஸ் மூடிவிட்டால் உள்ளே யாருக்குத் தெரியும்?

காலையில் மாட்டும்போது ஹோஸ் சர்ரென்று ஏறியது. அப்படி ஏறக் கூடாது. என் கைக்குத் தெரிந்தது. நேரமாகிவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று கிளிப்பை இறுக்கிவிட்டேன்.

ஹோஸைப் பற்றி வாயைத் திறந்தால் பைப்பைக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் பைப்பைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் காணவில்லை என்று எழுதியது அதுதான். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

கணக்கை நீங்கள் கேட்டபடி அளவு குறையாமல் எழுதுகிறேன். உதடு இருந்திருந்தால் பாலிஷ் இருந்தும் நின்றிருக்கும். பாலிஷ் இல்லாவிட்டால் உதடு இல்லாமலேகூட அன்றைக்கு ஒரு ஓட்டம் தாங்கியிருக்கலாம். அண்ணன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. இரண்டரை வாயில் காற்று ஹோஸைத் தள்ளுகிற பலம் முப்பத்திரண்டு கிலோ என்றால் மூன்றில் நாற்பத்தைந்து. இரண்டரை போட்டிருந்தால் கருவியும் பொருந்தியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் என் மூன்றில்தான் வந்து நிற்கிறது. உங்கள் பங்கு ஒரு துணி, ஒரு டப்பா. என் பங்கு ஒரு பொய்.

அண்ணன் கத்தினதெல்லாம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. பைப் பெரிது என்று திட்டுகிறவரைக்கும் உதட்டைப் பற்றிக் கேட்க மாட்டார். திட்டட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் திட்டி முடிப்பதற்குள் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் முடித்துவிட்டார்.

கேட்டுக்கு வெளியே நின்றது இதற்காகத்தான். நீங்கள் திறக்காததால் அல்ல.

மிளகிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். பைப் செய்கிறவர் எடுத்த உதட்டை மட்டும் ஒவ்வொரு நுனியிலும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். எடுத்தாச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தம்பி

ஏப்ரல் 25

தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உன் மேல் கோபமாக இருந்தேன். புதன்கிழமை அதற்கும் அலுப்பாக இருந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு கோபத்தை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கிற தெம்பு இப்போது இல்லை.

வியாழக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். மிளகு காருக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, வலது கணுக்காலில் அந்தத் தழும்பு. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"பந்தயத்தன்னிக்குக் காலைல அந்தக் குழாயெல்லாம் பாலிஷ் போட்டுத் துடைச்சேன். ஹோஸுக்கு உள்ளயும்."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"என்ன பாலிஷ்?"

"மேஜைக்குப் போடறது."

"அந்த எலுமிச்சையா?"

"ஆமா. உங்க சித்தப்பா பைப்புக்கு லிப் எடுக்கல. எடுத்ததா உங்க அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டான். எழுதியிருக்கான். படிக்கறியா?"

கால் விரல்கள் மட்டும் அசைந்தன. "அப்ப நான் கால எடுக்கல" என்றாள்.

"நீ எடுக்கல."

வெளியே வரவில்லை. நான் கடிதத்தை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், போனாள். என்னைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. கேட்டேன். சமையலறையில், அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது. தம்ளரைக் கீழே வைக்காமலே தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, கேட்கவில்லை.

இன்று காலை அவளாகவே பேசினாள்.

"அம்மா, வாழ்க்கைல ஒரு தடவையாவது எதையாவது அழுக்கா விட்டிருக்கியா?"

"இல்ல."

"இனிமே விடு."

பிறகு, இப்போது அந்த வளைவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றாள். "ஆனா போறேன். இப்பதான் ஓட்டணும்னு ஆசையா இருக்கு" என்றாள். மூன்று வருடத்தில் அவள் ஆசை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

உன்னைப் பற்றியும் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன். "அந்த மனுஷன நேர்ல வரச் சொல்லு. நல்லாத் திட்டணும். லெட்டர்ல திட்ட எனக்கு வராது. திட்டிட்டு, லிப் அவர்தான் எடுக்கணும். நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன்."

குழாய்கள் நேற்று வந்தன. நான்கு நுனியில் உதடு எடுத்திருந்தார், மற்றதில் இல்லை. எல்லாவற்றிலும் எடுத்தாயிற்று என்றுதான் சொன்னார். நீ எழுதியபடி விரலால் தடவிப் பார்த்தேன்.

உன் அண்ணனின் கருவி இரண்டாவது இழுப்பறையில், எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. திருகிப் பார்த்து வெர்னியரால் அளந்தேன், மூன்று முறை. இரண்டரை வரை விரிகிறது. நமக்கு அது போதும்.

அவரிடம் சொல்ல உனக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு வா. இந்த வீட்டுப் பொருள் அது.

தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வா. நான் ஜன்னலில் நிற்க மாட்டேன். செருப்பை வெளியே விடு.

புதுக் குழாய்கள் ஷெட் மேசையில் இருக்கின்றன. அறுத்த தூசி உள்ளேயும் வெளியேயும் மாவு போல இருக்கிறது. நேற்றிலிருந்து நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எதைக் கொண்டு துடைப்பது என்று நீ வந்து சொல்லும்வரை அவை அப்படியே இருக்கும்.

அண்ணி